படத்துக்கு மட்டும்

அஞ்சாந்தேதி ஆனால்
ரசீதுப் புத்தகத்தோடு சாமளாபுரத்து மேற்குத் தெருவுக்குப் போவேன்.
கேபிள்காரன் என்றால் கதவு பாதிதான் திறக்கும்.

கனகராஜ் வீட்டில் ஆறு தறி ஒருபக்கம், அடுப்பு ஒருபக்கம்,
அட்டாலியில் அரசாங்கம் கொடுத்த பதினாலு இன்ச்சுப் பெட்டி.
தறி ஓடும் வீட்டில்
வால்யூமை நூறு வைத்தாலும் ஒன்றுதான்,
ஒன்று வைத்தாலும் ஒன்றுதான்.
பேபியக்கா உதட்டை அசைப்பாள், நான் பார்த்துப் புரிந்துகொள்வேன்.
பாக்கிச் சில்லறையைக்கூடப்
புருவத்தில் பேசி முடிக்கிற தெரு.

அவள் மகள் கோகிலவாணி, நாலாவது,
தார் சுற்றிக்கொண்டே டிவிக்குப் பேசுவாள்.
தம்பி தரணீஷ் அவள் வாயோரம் காதை வைத்துக் கேட்பான்.
ஒரு பொழுதோடு நானும் குனிந்து கேட்டேன்.

திரையில் பட்டுச்சேலைக்காரி ஒருத்தி அழுகிறாள்.
"பாவு வந்து சேரலீங் அத்தே,
மூணு நாளாத் தறி சும்மா நிக்குது.
சீட்டுப் பணத்துக்கு என்னத்தக் கட்டுறது?"
மாமியார்க்காரி கண்ணை உருட்டி விரலை ஆட்டுகிறாள்.
"அதுக்கு ஏங் கண்ணு அழுவறே,
என்ற தோட்டக் கொண்டுபோயி வெய்யி.
ஆடி நோம்பிக்குத் திருப்பிக்கலாம்."

செய்தி வாசிக்கிறவருக்கும் அவள்தான் குரல்:
நாளைக்கு ஆறு மணிக்குத் தண்ணி வருமுங், குடம் எடுத்து வைங்க.
துரத்துகிற சிங்கத்திடம் மான் திரும்பிச் சொல்லும்:
கொஞ்சம் இருங்க, செருப்பு அறுந்துபோச்சு.

டிவியால் பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றிப்
பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள்.
என்ற பையனும் அங்கேதான் படிக்கிறான்.
கடைசி பெஞ்சில் குற்றவாளியாட்ட உட்கார்ந்திருந்தேன்.
"இந்தப் புள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரல,
படத்தக் காட்டினா மட்டும் நிறுத்த வரல"
என்றார் டீச்சர்.
திட்டா, மெச்சலா என்று தெரியாமல்
பேபியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சித்திரையில் கூலிப் பிரச்சினை.
ஊரில் அத்தனை தறியும் நின்றது.
எதிர்வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.
நாய் எந்தச் சந்தில் குரைக்கிறது என்பது கேட்டது.
பெட்டிக்குள் இருந்தவர்களின் குரலும் கேட்டது.
பாலில் எதையோ கலக்கச் சொன்னாள் மாமியார்.
சொத்து, பத்திரம், பழி, மறுபடியும் சொத்து.

கோகிலவாணி மூன்று நாள் கேட்டாள்.
"இத்தன நாளும் இதையேவாம்மா பேசிட்டு இருந்தாங்க?"

கனகராஜுக்குக் கைவேலை இல்லை.
நாலே நாளில் வில்லியின் தங்கச்சி பெயர்வரை அத்துப்படி.
பேச்சுவார்த்தை என்னாச்சுங் என்று கேட்டேன்.
"இருங்க, விளம்பரம் வரட்டும்."

அடுத்த அஞ்சாந்தேதி
கொறடும் கொண்டுபோயிருந்தேன்.
மூன்று வீட்டில் ஒயரைக் கழற்றி முடித்து
நாலாவதாக அங்கே நின்றேன்.
பேபியக்கா உள்ளேயே இருந்துகொண்டாள்.
பிள்ளைதான் வந்தது, கையில் நாற்பது ரூபாய்.
"படத்துக்கு மட்டும் எவ்வளவுங் மாமா?
சத்தம் வேண்டாமுங்.
அதக் கழிச்சுக்கிட்டு வாங்கிக்குங்க."

அப்படி ஒரு கட்டம் என்ற ரசீதில் இல்லை.
நாற்பதை எழுதினேன். மீதிக்குப் பாக்கி என்று எழுதினேன்.
கொறடை அங்கராக்குக்குள் சொருகிக்கொண்டு
வண்டியை உதைத்தேன்.

ராத்திரி என்ற வீட்டில், நாற்பத்திமூணு இன்ச்சில்,
யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.
ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன்.
நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்.
அவள் உதடு அசைந்தது. பொறுத்துப் பார்த்தேன்.
யாருக்கும் எதுவும் வரவில்லை.
நானாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்:
"அஞ்சாந்தேதி ஆச்சுங்..."

பையன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.